மூன்று ஒயரும் ஒரு சிவப்பு வெளிச்சமும்

கம்ப்யூட்டரின் முதுகைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. புது 5.1 ஸ்பீக்கர் செட் வீட்டுக்கு வந்த அன்று மட்டும் எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். மேசையைச் சுவரிலிருந்து இழுத்து, ஒரு கையில் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தால், தூசிக்கு நடுவே பச்சை, நீலம், ரோஸ், ஆரஞ்சு, கறுப்பு என ஐந்து வட்ட ஓட்டைகள். ஆறாவது இடத்தில் சின்னக் கதவு போட்ட ஒரு சதுர ஓட்டை. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கதவைத் தள்ளினால் உள்ளே சிவப்பாக ஒரு வெளிச்சம் தெரியும்.

பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று ஒயர்களைச் செருகுவதா, ஒரே ஒரு மெல்லிய ஒயரைச் சதுர ஓட்டையில் செருகிவிட்டு நிமிர்வதா? மூன்றும் அனலாக், பழைய வழி. அந்த ஒன்று டிஜிட்டல், அதுவும் ஒளியில் ஓடுவது. சென்னை ரிச்சி தெருவில் “அண்ணே, ஆப்டிக்கல் ஒயர் இருக்கா?” என்று கேட்கிறவர் மனதில் கணக்கு ஏற்கெனவே முடிந்திருக்கும். டிஜிட்டல் என்றால் துல்லியம், அனலாக் என்றால் இரைச்சல். கேசட் போய் சிடி வந்த காலத்தில் நம் எல்லோர் மனதிலும் பதிந்த பாடம் அது.

வீட்டுக்கு வந்து மாட்டி, ஒரு டிவிடி படத்தை ஓட விடுகிறார். ஹெலிகாப்டர் முதுகுக்குப் பின்னாலிருந்து கிளம்பித் தலைக்கு மேல் போகிறது. வீடே கூடி வியக்கிறது. மறுநாள் அதே கம்ப்யூட்டரில் கேம் ஆடினால் பின்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரும் பேசவே மாட்டேன் என்கின்றன. நடு ஸ்பீக்கரும் ஊமை. ஒயரைக் கழற்றி மாட்டுகிறார், டிரைவரை அழித்து மறுபடி போடுகிறார், கடைக்குப் போய் ஒயரை மாற்றி வாங்கி வருகிறார். ஒன்றும் நடப்பதில்லை. ஒயரில் கோளாறு இல்லை, ஸ்பீக்கரிலும் இல்லை. அந்தச் சிவப்பு வெளிச்சத்தால் எவ்வளவு சுமக்க முடியும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தச் சதுர ஓட்டை பிறந்த காலத்தைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து 1982-இல் சிடியைக் கடைக்குக் கொண்டுவந்தன. சிடி பிளேயரிலிருந்து ஒலியை எண்களாகவே ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்ப அதே இரண்டு நிறுவனங்களின் பெயரால் ஒரு முறை உருவானது. எஸ்/பிடிஐஎஃப் என்று இன்றும் போர்டில் அச்சாகியிருக்கும் எழுத்துகளில் எஸ் சோனி, பி பிலிப்ஸ். அந்த எண்களைச் செம்புக் கம்பியில் அனுப்பாமல் பிளாஸ்டிக் இழை வழியே சிவப்பு ஒளியாக அனுப்பும் ஏற்பாட்டை 1983-இல் கொண்டுவந்தது டோஷிபா. அதனால்தான் டோஸ்லிங்க் என்று பெயர். சிடியில் இருப்பது இடது, வலது என்று இரண்டே சேனல். அந்த இரண்டைச் சுமக்கத்தான் பாதை போடப்பட்டது.

கணக்கும் சிறியதுதான். ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதினால், இரண்டு சேனலுக்கு நொடிக்கு 15,36,000 பிட். 5.1 செட்டின் ஆறு சேனலுக்கு 46,08,000 பிட். இரண்டு பேர் தோளுரசி நடக்கும் சந்தில் ஆறு பேரை ஒரே வரிசையாக விட முடியாது.

அப்படியானால் டிவிடி படத்தின் ஹெலிகாப்டர் எப்படிப் பின்னால் வந்தது? அது மூட்டை கட்டி வந்தது. டால்பி டிஜிட்டல் முறையில் ஆறு சேனலையும் அழுத்திக் கட்டினால், டிவிடியில் அதிகபட்சம் நொடிக்கு 4,48,000 பிட்டுக்குள் அடங்கிவிடும். டிடிஎஸ் மூட்டை இன்னும் பெரியது, 15 லட்சம் பிட் வரை போகும். அதுவும் சந்துக்குள் நுழைந்துவிடும். கம்ப்யூட்டர் அந்த மூட்டையைப் பிரிக்காமல் ஒயரில் தள்ளுகிறது. ஸ்பீக்கர் செட்டுக்குள் இருக்கும் டிகோடர் அதைப் பிரித்து, இது நடு, இது பின் இடது, இது ஊஃபர் என்று பங்கு வைக்கிறது. பாஸ்த்ரூ என்று கம்ப்யூட்டர்காரர்கள் சொல்வது இதைத்தான்.

படம் ஸ்டுடியோவிலேயே கட்டி முடித்த மூட்டை. கேம் அப்படி இல்லை. எதிரியின் காலடிச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வரவேண்டும் என்பது ஆடுகிறவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பதைப் பொறுத்து அந்த நொடியில் கணக்காகிறது. முன்கூட்டியே கட்டி வைக்க வழியில்லை. ஆறு சேனலும் கம்ப்யூட்டருக்குள் பிரிந்தே நிற்கும். எதிரே இருப்பதோ இருவழிச் சந்து. கட்டுகிற ஆள் இல்லாததால் விண்டோஸ் இரண்டு சேனலை மட்டும் அனுப்பிவிடுகிறது. கன்ட்ரோல் பேனலில் டிஜிட்டல் அவுட்புட்டைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் 5.1 என்று அமைக்க உதவும் ‘கன்ஃபிகர்’ பட்டன் மங்கிப்போயிருப்பதும் இதனால்தான்.

கட்டுகிற ஆளை வேலைக்கு வைக்க முடியாதா என்றால், முடியும். டால்பி டிஜிட்டல் லைவ் என்றும் டிடிஎஸ் கனெக்ட் என்றும் அதற்குப் பெயர். கம்ப்யூட்டரில் ஓடும் எந்த ஒலியையும் அந்தந்தக் கணமே 5.1 மூட்டையாகக் கட்டி ஒளியில் அனுப்பும். என்விடியா 2001-இல் அறிவித்த என்ஃபோர்ஸ் சிப்செட் இதை மதர்போர்டிலேயே செய்து காட்டியது; அதே ஆண்டு வந்த முதல் எக்ஸ்பாக்ஸும் இப்படித்தான் கேம் ஒலியை அனுப்பியது. பிறகு கிரியேட்டிவ் நிறுவனம் தன் எக்ஸ்-ஃபை சவுண்ட் கார்டுகளுக்கு இந்த வசதியைத் தனியாகக் காசு வாங்கி விற்றது. உரிமக் கட்டணம் என்று ஒன்று இருப்பதால் சாதாரண மதர்போர்டுகளில் இது அரிது. வாங்கும்போது பெட்டியில் டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டிடிஎஸ் கனெக்ட் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வெறும் ‘டால்பி’ முத்திரை போதாது. அது ஹெட்ஃபோனுக்கான ஒலி அலங்காரமாகவும் இருக்கலாம்.

வசதி இருந்தாலும் ஒரு விலை உண்டு. டால்பி டிஜிட்டல் ஒரு மூட்டைக்கு 1,536 மாதிரிகளைச் சேர்க்கிறது. நொடிக்கு 48,000 என்ற வேகத்தில் அவ்வளவு சேர 32 மில்லி விநாடி ஆகும். அதன் பிறகு கட்டி, அனுப்பி, பிரிக்கும் நேரம் வேறு. படத்தில் உதட்டசைவை நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். துப்பாக்கியைச் சுட்டதும் கேட்கவேண்டிய சத்தம் தாமதித்தால் கேம் ஆடுகிறவர் கைக்கு அது தெரிந்துவிடும்.

ஆகவே டிஜிட்டலா அனலாகா என்ற கேள்வியோடு கடைக்குப் போவதைவிட, ஆறு சேனலும் எங்கே பிரிகின்றன என்ற கேள்வியோடு போவது நல்லது. கம்ப்யூட்டருக்குள்ளேயே பிரிகிறதென்றால் மூன்று ஒயர் வேண்டும். ஸ்பீக்கர் செட்டுக்குள் பிரிகிறதென்றால் அங்கே டிகோடர் வேண்டும், இங்கே கட்டித் தரும் ஆள் வேண்டும். இது தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும்.

மூன்று ஒயரை ஏளனமாகப் பார்க்க ஒரு காரணமும் இல்லை. 3.5 மி.மீ. பின் ஒன்றை எடுத்துப் பார்த்தால் இரண்டு கறுப்பு வளையங்கள் அதை மூன்று பகுதியாகப் பிரித்திருக்கும்: நுனி இடது, நடு வலது, அடி பூமி. ஒரு பின்னுக்கு இரண்டு சேனல், மூன்று பின்னுக்கு ஆறு. பச்சையில் முன் இரண்டு, கறுப்பில் பின் இரண்டு, ஆரஞ்சில் நடு ஸ்பீக்கரும் ஊஃபரும். மூட்டை கட்டுவதும் இல்லை, பிரிப்பதும் இல்லை, உரிமக் கட்டணமும் இல்லை. படம், பாட்டு, கேம், மெயில் வந்த மணிச் சத்தம் எல்லாம் ஒன்றாகக் கலந்து அந்தந்த ஸ்பீக்கருக்குப் போகும். விண்டோஸ் வால்யூமைக் குறைத்தால் குறையும், கூட்டினால் கூடும்.

இந்த நிறங்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1990களின் நடுவில் சவுண்ட் கார்டின் பின்னால் எல்லா ஓட்டையும் ஒரே கறுப்பு. தகட்டில் செதுக்கிய சின்னப் படத்தை டார்ச் அடித்துப் பார்த்தால்தான் எது மைக், எது ஸ்பீக்கர் என்று தெரியும். மைக்ரோசாஃப்டும் இன்டெலும் சேர்ந்து வெளியிட்ட பிசி 99 என்ற வழிகாட்டிதான் பச்சை ஸ்பீக்கருக்கு, ரோஸ் மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து வரும் ஒலிக்கு என்று நிறம் பிரித்தது. கால் நூற்றாண்டு ஆகியும் அந்த நிறங்கள் மாறவில்லை. கம்ப்யூட்டர் உலகில் இவ்வளவு காலம் நிலைத்த ஏற்பாடுகள் குறைவு.

மூன்றே ஓட்டை இருக்கும் மதர்போர்டு வாங்கியவர்கள் பதற வேண்டாம். இன்டெல் 2004-இல் கொண்டுவந்த எச்டி ஆடியோ முறையில் ஓட்டைக்கு வேலையை மாற்றிக் கொடுக்கலாம். ரியல்டெக் மென்பொருளில் 5.1 என்று தேர்ந்தெடுத்தால் நீல ஓட்டை பின் ஸ்பீக்கர்களுக்கும், ரோஸ் ஓட்டை நடு ஸ்பீக்கருக்கும் ஊஃபருக்கும் மாறிவிடும். மைக்கை முன்பக்க ஜாக்கில் செருகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இது தெரியாமல் “என் போர்டில் 5.1 வராது” என்று தனி கார்டு வாங்கியவர்கள் எத்தனையோ பேர்.

ஆரஞ்சு ஒயரில் மட்டும் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். நுனியில் நடு ஸ்பீக்கர், வளையத்தில் ஊஃபர் என்று ஒரு கம்பெனி வைத்தால், இன்னொரு கம்பெனி தலைகீழாக வைத்திருக்கும். மாட்டிப் படம் பார்த்தால் கதாநாயகன் மேசைக்கு அடியிலிருந்து, வாயில் துணியை அடைத்ததுபோலப் பேசுவார். வசனத்துக்கான நடு ஸ்பீக்கரோ வெடிச் சத்தத்தைத் தூக்க முடியாமல் படபடக்கும். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதில்லை. பல ரியல்டெக் மென்பொருள்களில் நடுவையும் ஊஃபரையும் இடம் மாற்றும் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் அடித்தால் கதாநாயகன் எழுந்து திரைக்கு முன் வந்துவிடுவார்.

அனலாகின் உண்மையான பகை இரைச்சல். அதிலும் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு.

மவுஸை நகர்த்தும்போது கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம், கேம் ஓடினால் அது இன்னும் கூடுகிறது என்றால், அது கம்ப்யூட்டரின் உள்ளே பிறப்பது. கேபினெட்டின் முன்பக்க ஜாக்குக்குப் போகும் மெல்லிய ஒயர், கிராஃபிக்ஸ் கார்டையும் மின்விசிறிகளையும் உரசிக்கொண்டே போவதால் எல்லாச் சத்தத்தையும் அள்ளிக்கொள்கிறது. பின்பக்க ஜாக்குக்கு மாற்றினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒன்றும் ஓடாதபோதும் ‘ம்ம்ம்’ என்று அடித்தொண்டையில் ஒரு முனகல் கேட்டுக்கொண்டே இருந்தால், அது சுவரிலிருந்து வருகிறது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அலைவது. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்தான் அந்த முனகல். கம்ப்யூட்டர் ஒரு பிளக்கில் எர்த் ஆகிறது, ஸ்பீக்கரோடு சேர்ந்த இன்னொரு பெட்டி வேறொரு வழியில் எர்த் ஆகிறது, இரண்டையும் ஆடியோ ஒயர் இணைக்கிறது. வட்டம் முழுமையாகி அதில் சின்ன மின்னோட்டம் சுற்றத் தொடங்கிவிடுகிறது. பல வீடுகளில் குற்றவாளி மாடியிலிருந்து இறங்கும் டிஷ் கேபிளோ கேபிள் டிவி ஒயரோதான். செட்டாப் பாக்ஸிலிருந்து அந்த ஒயரை ஒரு நிமிடம் கழற்றிப் பார்த்தால் முனகல் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். எல்லாப் பெட்டியையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் மாட்டுவது முதல் வைத்தியம். கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று கேட்டால் கிடைக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி இரண்டாவது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். முனகல் நிற்கிறது என்பதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை ஒடிப்பவர்களும், டூ-பின் அடாப்டர் போட்டு ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். எர்த் இல்லாத கம்ப்யூட்டரின் கேபினெட்டைத் தொட்டால் சுரீரென்று விரலில் ஏறும். உள்ளே ஏதாவது பழுதானால் அதே தகட்டில் முழு மின்சாரமும் நிற்கலாம். எர்த் சரியில்லாத வீட்டில்தான் முனகல் அதிகம் என்பதால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்வது சத்தத்துக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

ஒளி ஒயர் தன் உண்மையான பலத்தைக் காட்டுவது இந்த இடத்தில்தான். பிளாஸ்டிக் இழையில் மின்சாரம் போகாது. கம்ப்யூட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உலோகத் தொடர்பே இல்லாதபோது வட்டம் எங்கே முழுமையாவது? என்ன செய்தும் முனகல் நிற்காத வீடுகளில் டோஸ்லிங்க் ஒயரை மாட்டியதும் வரும் அந்த அமைதி, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஆர்சிஏ பின்னில் வரும் கோஆக்ஸியல் டிஜிட்டல் ஒயருக்கு இந்தப் பலன் கிடையாது, அதுவும் செம்புதான்.

ஒளி ஒயருக்கும் பராமரிப்பு வேண்டும். புது ஒயரின் இரண்டு நுனியிலும் குட்டி மூடி இருக்கும். அதைக் கழற்ற மறந்து மணிக்கணக்காகத் தேடுபவர்கள் உண்டு. சுவர் மூலையில் நறுக்கென்று மடித்தால் உள்ளே இழை விரிசல் விடும். ஐந்து மீட்டர் வரை கவலையில்லை. அதற்கு மேல் போகப்போக ஒயரின் தரத்தைப் பொறுத்தது. பத்து மீட்டரைத் தாண்டுவது வேண்டாம். தங்க முலாம் பூசிய ஆப்டிக்கல் பின் என்று விலை கூட்டி விற்றால் வாங்கவேண்டியதில்லை. ஒளிக்குத் தங்கம் எதற்கு?

பழக்கத்தில் இன்னும் சில தொந்தரவுகள் தெரியவரும். ஒலி எதுவும் இல்லாதபோது டிஜிட்டல் இணைப்பு தூங்கிவிடும். மறுபடி ஒலி வரும்போது டிகோடர் விழித்து அடையாளம் காண ஒரு நொடி எடுத்துக்கொள்ளும். அதனால் ‘டிங்’ என்று வரவேண்டிய மணி ‘ங்’ என்று மட்டும் வரும். பாஸ்த்ரூவில் படம் ஓடும்போது விண்டோஸ் வால்யூம் வேலை செய்யாது, ஸ்பீக்கர் ரிமோட்டைத்தான் தேடவேண்டும். எல்லாவற்றையும்விட மோசமானது, டிகோடரே இல்லாத பெட்டிக்கு மூட்டையை அனுப்புவது. அது மூட்டையையே ஒலி என்று நினைத்து வாசிக்கும்போது அருவி கொட்டுவதுபோல் முழு வேகத்தில் ஒரு ‘ஷ்ஷ்ஷ்’ கிளம்பும். இரவு நேரத்தில் விஎல்சி பிளேயரில் பாஸ்த்ரூவை முதல்முறை சோதிப்பவர்கள் ஸ்பீக்கர் வால்யூமைக் குறைத்து வைத்துக்கொள்வது நல்லது.

சரி, வாங்கப்போகும் செட்டின் பின்பக்கத்தைப் பார்ப்போம். முன்பக்கத்து விளக்கும் வாட் கணக்கும் கண்ணை இழுக்கும். உண்மையைச் சொல்வது பின்பக்கம்தான். லாஜிடெக் இசட்506 செட்டில் மூன்று 3.5 மி.மீ. ஓட்டைகள் இருக்கும், ஆப்டிக்கல் இருக்காது. 75 வாட் சக்தி. கம்ப்யூட்டரில் பிரித்துத் தந்தால் வாங்கிக்கொள்ளும் நேர்மையான அனலாக் பெட்டி. அதே கம்பெனி 2011-இல் விட்ட இசட்906 என்ற 500 வாட் செட்டில் இரண்டு ஆப்டிக்கல், ஒரு கோஆக்ஸியல், அதோடு மூன்று அனலாக் ஓட்டைகளும் உண்டு. டால்பி டிஜிட்டலையும் டிடிஎஸ்ஸையும் தானே பிரிக்கும். இப்படிப்பட்ட செட் கையில் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டிவிடலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கேமுக்கும் அன்றாடத்துக்கும் மூன்று ஒயர், படத்துக்கு ஆப்டிக்கல். ரிமோட்டில் இன்புட்டை மாற்றினால் போதும்.

கவனிக்கவேண்டிய மூன்றாவது வகை, பெட்டியில் 5.1 என்று பெரிதாகப் போட்டு, பின்னால் சிவப்பு வெள்ளை என்று ஒரே ஒரு ஜோடி ஆக்ஸ் ஓட்டையும் யூஎஸ்பியும் புளூடூத்தும் மட்டும் வைத்திருப்பது. ஸ்பீக்கர் ஐந்து இருக்கும், ஊஃபர் இருக்கும். உள்ளே நுழையும் வழியோ இரண்டு. அந்த இரண்டையே ஐந்தாகப் பங்கிட்டுத் தருகிறது. பாட்டு கேட்க அது ஒன்றும் மோசமில்லை, கல்யாண வீட்டுக்கும் காதுகுத்துக்கும் போதும். பின்னாலிருந்து வரும் காலடியை மட்டும் அது பின்னால் காட்டாது. புளூடூத்தில் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியும் இரண்டு சேனல்தான்.

தமிழ்நாட்டில் இந்த விஷயத்துக்கு ஒரு தனி மரபே உண்டு. கம்பெனி செட்டுக்குக் காசு போதாத காலத்திலிருந்து, தெருமுனை ரேடியோ கடையில் எல்ஏ4440 ஐசி போட்டு ஆம்ப்ளிஃபயர் கட்டித் தரும் கைகள் இங்கே இருந்தன. பிறகு டிடிஏ2030, டிடிஏ7294 என்று வளர்ந்து, 5.1 அசெம்பிள் செட்டாக மாறியது. “புரோலாஜிக் போர்டு போடவா, டிகோடர் போர்டு போடவா?” என்று மெக்கானிக் கேட்கும் கேள்வி, இந்தக் கட்டுரை முழுவதும் பேசிக்கொண்டிருக்கும் அதே கேள்விதான். புரோலாஜிக் போர்டு என்று கடையில் சொல்வது இரண்டு சேனலிலிருந்து ஆறை ஊகித்து எடுப்பது. டிகோடர் போர்டு ஆப்டிக்கல் வழியே வரும் மூட்டையை உண்மையாகவே பிரிப்பது. கம்ப்யூட்டரை மட்டும் இணைக்கப்போகிறவருக்கு இரண்டுமே தேவையில்லை. ஆறு ஆர்சிஏ ஓட்டைகள் கொண்ட நேரடி இன்புட் ஒன்றை வைக்கச் சொன்னால் போதும், மூன்று 3.5 மி.மீ. பின்னும் ஆறு ஆர்சிஏவும் உள்ள ஒயர் எல்லாக் கடையிலும் கிடைக்கும். போர்டுக்கான காசை நல்ல டிரான்ஸ்ஃபார்மருக்குச் செலவிடலாம்.

டிடிஎஸ் என்ற மூன்று எழுத்து நம் ஊர் தியேட்டர் போஸ்டர்களில் படத்தின் பெயருக்குச் சமமாக நின்ற காலம் ஒன்று இருந்தது. 1993-இல் ஜுராசிக் பார்க் படத்தோடு வந்த அந்தத் தியேட்டர் முறையில் ஒலி ஃபிலிமிலேயே இருக்காது. தனிச் சிடியில் ஓடும், ஃபிலிமில் இருக்கும் நேரக் குறி இரண்டையும் சேர்த்து இழுத்துச் செல்லும். வீட்டு டிடிஎஸ் அழுத்தும் முறையே வேறு. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. அசெம்பிள் செட்டின் முகப்பில் ஒட்டியிருக்கும் டிடிஎஸ் ஸ்டிக்கரை நம்புவதற்கு முன் பின்னால் ஆப்டிக்கல் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான் அவசியம்.

ஆறு சேனலையும் அழுத்தாமல் டிஜிட்டலாகவே அனுப்ப வழியே இல்லையா? 1990களின் கடைசியில் கிரியேட்டிவ் ஒன்றை முயன்றது. சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ தொடங்கிய கம்பெனி அது. கம்ப்யூட்டருக்குக் குரல் கொடுத்த சவுண்ட் பிளாஸ்டர் அவர்களுடையது. தங்கள் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டிலிருந்து தங்கள் ஸ்பீக்கர் செட்டுக்கு, டிஜிட்டல் டின் என்ற வட்டப் பின் வழியே, ஒன்றுக்கு மேற்பட்ட எஸ்/பிடிஐஎஃப் ஓடைகளைச் சேர்த்து அனுப்பினார்கள். சந்தை அகலப்படுத்தாமல் பக்கத்திலேயே இன்னும் சந்துகளைப் போட்டதுபோல. நல்ல யோசனை. கார்டும் ஸ்பீக்கரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால்தான் பேசிக்கொள்ளும் என்பதால் அது பரவவில்லை.

சந்தை நெடுஞ்சாலையாக்கியது எச்டிஎம்ஐ. 2002-இல் வந்த முதல் வடிவத்திலேயே எட்டுச் சேனலை அழுத்தாமல் சுமக்கும் திறன் இருந்தது. இன்றைய கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து ஏவி ரிசீவருக்கு ஒரு எச்டிஎம்ஐ ஒயர் போட்டால், விண்டோஸில் 5.1 அமைப்பு தெரியும், கேமும் படமும் ஆறு சேனலில் வரும், மூட்டை கட்டும் வேலையே இல்லை. ரிசீவரும் நல்ல ஸ்பீக்கரும் வாங்க வசதி உள்ளவருக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது, மேலே பேசிய எதுவும் அவருக்குத் தேவைப்படாது. கம்ப்யூட்டர் அந்த ரிசீவரை இன்னொரு மானிட்டர் என்று நினைத்துக்கொள்வது மட்டும் ஒரு தொல்லை. மவுஸ் கண்ணுக்குத் தெரியாத திரைக்குள் போய்விடும். டிஸ்பிளே அமைப்பில் ‘டூப்ளிகேட்’ கொடுத்தால் திரும்பிவிடும்.

ஆனால் கம்ப்யூட்டரை டிவியில் செருகி, டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு ஆப்டிக்கல் போடுவது ஒரு பொறி. பல டிவிகள் “எனக்கு இரண்டு சேனல்தான் வேண்டும்” என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிடும். ஆறு அங்கேயே இரண்டாகிவிடும். டிவியின் ஏஆர்சி ஓட்டையும் திறனில் ஆப்டிக்கலைப் போன்றதுதான். ஈஏஆர்சி என்று எழுதியிருந்தால் மட்டும் பாதை அகலம்.

லேப்டாப்காரர்களுக்கு வாய்ப்பு குறைவு. ஒரே ஒரு ஹெட்ஃபோன் ஓட்டை. பழைய மேக்புக்குகளில் அந்த ஓட்டைக்குள்ளேயே ஆப்டிக்கல் வெளிச்சம் ஒளிந்திருந்தது. 2016-இல் வந்த மேக்புக் ப்ரோவோடு ஆப்பிள் அதை எடுத்துவிட்டது. இப்போது லேப்டாப்புக்கு யூஎஸ்பி 5.1 சவுண்ட் கார்டுதான் எளிய வழி. லேப்டாப்பிலிருந்து கார்டு வரை டிஜிட்டல், கார்டிலிருந்து ஸ்பீக்கர் வரை அனலாக். எண்கள் ஒலியாக மாறும் இடம் லேப்டாப்பின் உள் இரைச்சலுக்கு வெளியே போய்விடுவதால் சுத்தமாகவும் இருக்கும். வாங்கும்போது மூன்று அவுட்புட் ஓட்டை இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கவேண்டும். ‘7.1 சவுண்ட்’ என்று எழுதி ஒரே ஹெட்ஃபோன் ஓட்டையோடு விற்கும் குட்டிக் கார்டுகள் நிறைய இருக்கின்றன.

ஒலித் தரம் எதில் அதிகம் என்று கேட்பவர்களுக்கு: மூன்று அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட மேசைச் செட்டில் அந்த வித்தியாசம் காதுக்கு எட்டாது. எட்டுவது ஸ்பீக்கரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதுதான். முன் இரண்டும் முகத்துக்கு நேர்க்கோட்டிலிருந்து இருபக்கமும் 30 டிகிரி, பின் இரண்டும் 100 முதல் 120 டிகிரி. அதாவது காதுக்குச் சற்றே பின்னால், பக்கவாட்டில். நம் வீடுகளில் பின் ஸ்பீக்கர் இரண்டும் பீரோ மேலோ, பரணிலோ, சில சமயம் முன் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயோ கிடக்கின்றன. ஐந்து மீட்டர் ஒயர் வாங்கி அவற்றை உட்காரும் இடத்துக்குப் பக்கவாட்டில் கொண்டுவந்தால் வரும் மாற்றம், எந்தத் தங்கப் பின்னும் தராதது.

எல்லாம் மாட்டி முடித்ததும் விண்டோஸில் ரன் கட்டத்தைத் திறந்து எம்எம்சிஸ் டாட் சிபிஎல் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்தால் பழைய சவுண்ட் பெட்டி திறக்கும். அதில் ‘கன்ஃபிகர்’ அழுத்தி, 5.1 தேர்ந்தெடுத்து, டெஸ்ட் கொடுத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காரவேண்டும். முன் இடது, முன் வலது, நடு, ஊஃபரின் உறுமல், பிறகு பின் இரண்டும் என்று ஒவ்வொன்றாகப் பேசும். திரையில் எந்த ஸ்பீக்கர் மினுங்குகிறதோ அதே ஸ்பீக்கரில் ஒலி வருகிறதா என்று விரல் நீட்டி எண்ணிக்கொண்டே போகலாம். பின் வலது பேசவேண்டிய நேரத்தில் பின் இடது பேசினால், எழுந்து போய் அந்த இரண்டு ஒயரையும் இடம் மாற்றிச் செருகிவிட்டு, டெஸ்ட்டை மறுபடி ஒருமுறை ஓட விடவேண்டும்.